சூரியன் கொடுத்த செருப்பு

அந்த ஆயாவின் காலை எடுத்து என் மடியில் வைத்தபோது, உள்ளங்காலின் தோல் ஒரு பக்கமாகக் கழன்று நனைந்த காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பெருவிரலுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவில் ஒரு கொப்புளம், இன்னும் உடையாமல். கத்திரி தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும். அமிர்தி காட்டோரம் மேய்ந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரும் வழியில் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு எப்படி நடப்பது என்று இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, மத்தியானம் இரண்டு மணிக்குத் தார் ரோட்டில் நடந்து வந்திருக்கிறாள்.

"சுடலையா ஆயா?"

"சுட்டா நிக்க மாட்டனா? காலு மரத்துப்போயி ரெண்டு வருசமாவுது. வூட்டாண்ட வந்து குந்தினப்புறம் பேத்திதான் பாத்துட்டு கத்திச்சு."

சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்ட கால். பேத்தி அவசரத்தில் பற்பசையை எடுத்துத் தடவியிருந்தாள். குழாய்த் தண்ணீர் விட்டு அதை மெதுவாகக் கழுவினேன். ஐஸ் வைக்கக் கூடாது, கொப்புளத்தைக் குத்தக் கூடாது. ஈரத்தை ஒற்றி எடுத்து, மருந்துத் துணியைப் போட்டு, தளர்வாகக் கட்டுப் போட வேண்டும். கட்டி முடிக்கும்வரை ஆயா முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வலிக்கிற காலை நாம் பார்த்துக்கொள்வோம். வலிக்காத காலில் புண் உள்ளே உள்ளே போகும். மறுநாளே அடுக்கம்பாறை ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று பேத்தியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

கிளம்பும்போது ஆயா சொன்னாள்: "வெயில இன்னா சொல்றது நர்சம்மா, என் தலையெழுத்து. யாரை நொந்துக்கறது?"

முப்பத்தோரு வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். கண்ணமங்கலம் பக்கமும் அமிர்தி அடிவாரமும் என் கால் படாத தெரு குறைவு. 'யாரை நொந்துக்கறது' என்பதை எத்தனை திண்ணையில் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. காய்ச்சலுக்கும் அதுதான், குழந்தை செத்துப் பிறந்தாலும் அதுதான், கிணறு வற்றினாலும் அதுதான். பதில் வேண்டிக் கேட்கிற கேள்வியாக அதை யாரும் சொல்வதில்லை. பேச்சை முடித்து எழுந்து போவதற்காகச் சொல்வார்கள். ஓய்வு பெற்றபின் எனக்கு அது நிஜமான கேள்வியாகவே கேட்கத் தொடங்கிவிட்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலையில் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆன சமயம். செங்கல் சூளையில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு ஆறாம் மாதத்தில் கரு கலைந்தது. சித்திரை மாதம். அதற்கு முந்தின நாள்வரை கல் சுமந்திருக்கிறாள். மாமியார், "உச்சி வேளையில புளிய மரத்தாண்ட போகாதன்னு சொன்னேன், கேக்கல, காத்து கருப்பு அடிச்சிடுச்சு" என்று அழுதாள். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் என்ன தப்புப் பண்ணேன் என்று கேட்டாள். நான் அவள் தலையைத் தடவி, "ஆண்டவன் கணக்கும்மா, நாம என்ன பண்ண முடியும்" என்றேன். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். பதிவேட்டில் எடை எழுதினேன், ரத்த அளவு எழுதினேன். எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றாய், எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுத அதில் கட்டம் இல்லை.

2024இல் ஒரு செய்தி படித்தேன். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் 2017இல் தொடங்கி, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். வயலிலும் சூளையிலும் உப்பளத்திலும் கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலைவது, வெப்பமில்லாத இடத்தில் வேலை செய்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன். அன்று முழுக்க அந்தப் பெண்ணின் கை என் கையில் இருப்பதுபோல இருந்தது. அவளுக்குக் கலைந்ததற்கு வெயில்தான் காரணம் என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் ஆண்டவன் தலையில் போட்டேன். அவன் பெயரை நான் பொய்யாகப் பயன்படுத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் வேலூர்ப் பக்கத்தைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று ஆரம்பித்து அடுக்கிக்கொண்டே போவார்கள். அதில் அமிர்தி மட்டும் விலக்கு. ஜவ்வாது மலையின் காலடியில், ஆறு நடுவே ஓட, நிழல் பிடித்த காடு. 1967இல் அங்கே வன உயிரினப் பூங்கா வைத்தார்கள். மழை முடிந்த மாதங்களில் அருவியில் தண்ணீர் விழும்போது ஞாயிற்றுக்கிழமை வேலூரே அங்கேதான் இருக்கும். மே மாதத்தில் அதே ஆற்றில் வெள்ளை வெளேரென்று கல்தான் கிடக்கும். மான்கள் தண்ணீர் தேடிக் கீழே இறங்கும். வெயில் எங்களுக்குப் புதிதில்லை. முன்பெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல் வாசலில் கட்டிலைப் போட்டால் மலைக் காற்று இறங்கும். பகலில் வாடிய உடம்பு ராத்திரியில் தேறும். இப்போது ராத்திரியும் சுவர் சூடாக இருக்கிறது. சிமெண்ட் சீட்டுப் போட்ட வீட்டுக்குள் விடியற்காலை மூன்று மணிக்குக் கைக்குழந்தைக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை எத்தனை பேர் வேண்டுமானாலும் காட்டுவேன். உடம்புக்கு ஓய்வு கிடைக்காத ராத்திரிதான் மறுநாள் பகலில் ஆளைச் சாய்க்கிறது.

அமிர்தியிலிருந்து மலையை ஒட்டியே போனால் படவேடு. அங்கே ரேணுகாம்பாள் இருக்கிறாள். கமண்டல நதியும் அங்கேதான். ஆடி வந்தால் சுற்று வட்டாரமே அங்கே திரளும். ஜமதக்னி செத்ததும் ரேணுகை தீயில் விழுந்தாள், மழை கொட்டித் தீ அணைந்தது, உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வேப்பிலையைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தாள், சனங்கள் பச்சரிசியும் வெல்லமும் இளநீரும் கொடுத்தார்கள் என்று என் பாட்டி சொல்வாள். அதனால்தான் ஆடியில் கூழ் வார்க்கிறோமாம். இந்தப் பக்கத்து அம்மன் யாரென்று கேட்டால், சூட்டில் வெந்த ஒரு பெண் என்பதுதான் என் பதில். அவளைக் கும்பிடுவதற்கு நாங்கள் கண்ட வழி, குளிர்ச்சியாக எதையாவது அவளுக்கு ஊற்றுவது.

அதே ரேணுகையைப் பற்றி இன்னொரு கதை இருப்பது ஓய்வு பெற்றபின்தான் தெரிந்தது. ம. வீ. இராமானுஜாசாரியார் பதிப்பித்த கும்பகோணம் பாரதத்தை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். அனுசாசன பருவத்தில், அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரிடம் தருமன் கேட்கிறான்: காரியங்களில் குடையும் செருப்பும் தானம் கொடுக்கிறோமே, அது எங்கிருந்து வந்த வழக்கம்?

பீஷ்மர் சொல்கிறார். ஜமதக்னி முனிவர் ஒரு நாள் வில்லை எடுத்து விளையாட்டாக அம்பு விட்டுக்கொண்டிருந்தார். போய் விழுகிற அம்பையெல்லாம் ரேணுகை ஓடிப்போய்ப் பொறுக்கி வந்து தர வேண்டும். நல்ல கோடை, உச்சி வேளை. தலையும் காலும் வெந்துபோக, ஒரு மரத்து நிழலில் சற்றே நின்றாள். சபித்துவிடுவாரோ என்ற பயத்தில் அதிக நேரம் நிற்கவும் இல்லை. திரும்பி வந்ததும் ஏன் தாமதம் என்று கேட்டார். தலை சுட்டது, கால் சுட்டது, அதனால் நின்றேன் என்றாள். முனிவருக்குக் கோபம் வந்தது. சூரியன் மேல். இதோ அவனை வீழ்த்துகிறேன் என்று வில்லை வானத்துக்குத் திருப்பினார்.

சூரியன் அந்தணர் வேஷத்தில் இறங்கி வந்தான். நான் உறிஞ்சும் நீர்தான் மழையாக விழுகிறது, மழையால்தான் சோறு, என்னை வீழ்த்தி என்ன ஆகப் போகிறது என்று வாதாடினான். முனிவர் மசியவில்லை. கடைசியில் சூரியன் அடைக்கலம் என்றான். அவர் சிரித்து, அப்படியானால் இந்தச் சூட்டைத் தாங்க ஒரு வழி சொல் என்றார். சூரியன் ஒரு குடையையும் தோலால் செய்த செருப்பையும் கொடுத்தான். உலகத்தில் குடையும் செருப்பும் வந்த கதை அது.

தோல் செருப்பு என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, எல்லாம் 2019இல் மூன்றாகப் பிரியும்வரை ஒரே ஜில்லா. தோல் பதனிட்டும் செருப்புத் தைத்தும் வயிறு வளர்க்கிற மண். என் தாத்தாவே ஆவாரம்பட்டை வெட்டித் தோல் மண்டிக்குப் போட்டவர். குரோம் உப்பு வருமுன் தோலைப் பதமாக்கியது அந்தப் பட்டைதான். பட்டை வெட்டப் போகும்போது அந்தச் செடியின் தழையையே ஒரு கை ஒடித்துத் தலையில் வைத்து, மேலே துண்டைக் கட்டிக்கொள்வாராம். சூடு இறங்காது என்பார். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று நாங்கள் சொல்வது சும்மா இல்லை. ஒரே செடி காலுக்குச் செருப்பும் தலைக்குக் குளிர்ச்சியும் கொடுத்திருக்கிறது.

என் பணியின் கடைசிக் கோடையில்தான் ஆயாவுக்கு ஒன்று விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. அப்போது இந்தக் கதை எனக்குத் தெரியாது. ஓய்வுக்குப் பிறகும் அவள் வீட்டுக்குப் போய்க் காலைப் பார்த்துவருவேன். அப்படி ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து கதையைச் சொன்னேன். அம்மன் கதை என்றதும் வெற்றிலையைக்கூட வாயில் போடாமல் கேட்டாள். முடிந்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பறம் அந்த முனிவரு அம்பு வுடறத நிறுத்தினாரா?" என்றாள்.

நான் திகைத்தேன். கதையில் அது இல்லை. குடை வந்தது, செருப்பு வந்தது, தானத்தின் பெருமை வந்தது. அம்பு விடுவது நின்றதா என்று தருமனும் கேட்கவில்லை, பீஷ்மரும் சொல்லவில்லை.

"நிறுத்தலன்னா, செருப்பைப் போட்டுகினு அந்தப் பொம்பள இன்னும் வேகமா ஓட வேண்டியதுதான்" என்றாள் ஆயா.

என் அக்கா மகள் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறாள். ஏழு மணிக்குள் ஊர் முனையில் கம்பெனி பஸ் வந்துவிடும். அவள் தைப்பதில் பாதி, கணுக்காலுக்கு மேல் ஏறுகிற பூட்ஸ். உள்ளே ரோமம் போல மெத்தென்று லைனிங் வைத்து, பனி கொட்டும் ஊர்களுக்குப் போவது. மே மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, பசை வாசத்தில், பனிக்கான செருப்பை மடியில் வைத்துத் தைக்கிறாள். இரண்டு வருஷத்தில் மூன்று முறை அவளுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டால், "குடிச்சா பாத்ரூம் போகணும் சித்தி. ரெண்டு தடவை போனா டார்கெட் போயிடும். அதனால மத்தியானம் வரைக்கும் வாயை நனைச்சுக்கறதோட சரி" என்றாள். சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்றேன். கடுங்காப்பி நிறம் என்றாள்.

கடும் வெயிலில் உடம்பு தன்னைக் குளிர வைத்துக்கொள்ள முக்கியமான வழி வியர்வை. அது தோலின் மேல் காற்றில் உலர்ந்தால்தான் சூடு இறங்கும். ட்ரம் உருளுகிற டேனரியில் ஈரக் காற்றில் வியர்வை வழியுமே தவிர உலராது. குடிக்கத் தண்ணீரும் இல்லையென்றால் ரத்தம் கெட்டியாகி, சிறுநீரகம் மெல்ல மெல்ல வேலையைக் குறைக்கும். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மூளை தடுமாறும். ஆள் உளறுவார், வியர்வை நின்றேகூடப் போகலாம். அப்புறம் நிமிஷக் கணக்குத்தான். அந்த நேரத்தில் தண்ணீரை வாயில் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். உடம்பு முழுக்க ஈரத்தைப் போட்டு விசிறி, 108க்குக் கூப்பிட வேண்டும். இதை ஒவ்வொரு தெருவிலும் சொல்லியிருக்கிறேன். இதையும் தலையெழுத்து என்று சொல்பவர்களிடம் பொறுமையிழந்து கத்தியும் இருக்கிறேன்.

கம்பெனிகளை மூடு என்று சொல்பவள் இல்லை நான். அக்கா மகள் கட்டிய வீடு கம்பெனிச் சம்பளத்தில் கட்டியது. புருஷனிடம் கை நீட்டாமல் பிள்ளையைப் படிக்க வைக்கிறாள். சூரியன் சொன்ன வாதம் பொய் இல்லை. சுடுகிறவன்தான் சோறும் போடுகிறான். ஆனால் ஆயா கேட்டது சூரியனைப் பற்றி இல்லை. வில் யார் கையில் இருக்கிறது என்று கேட்டாள்.

இந்த மண்ணில் அந்தக் கேள்வி கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டின் சட்டத்தில் வேரூன்றியதில் எங்கள் கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. 2025 ஜனவரியில் மறுபடியும் அதே கோர்ட் அதே வேலூர் விவகாரத்தில் அதையே சொல்ல வேண்டி வந்தது. முப்பது வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் கிணற்றைக் கெடுத்த கையும் கிணற்றை இழந்த கையும் தலைமுறை மாறிவிட்டன. ஆனாலும் அந்தத் தீர்ப்பை நான் ஒரு தரும சாஸ்திரமாகவே மதிக்கிறேன். தலையெழுத்து என்று சனங்கள் எழுந்து போன இடத்தில், இல்லை, இதற்கு ஆள் உண்டு என்று அது சொன்னது.

கிணற்றுக்குச் சொன்னதை வானத்துக்கும் சொல்ல வேண்டாமா? வருஷத்துக்கு ஒரு இந்தியர் கணக்கில் காற்றில் ஏறும் கரியமில வாயு ஏறக்குறைய 2 டன். உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. அமெரிக்கரின் கணக்கு 14 டன் பக்கம். அந்த 2 டன்னும் சராசரிதான். ஆடு மேய்க்கும் ஆயாவுக்கும், குளிர்சாதனம் ஓயாத பங்களாவுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. ஆயா பங்கு அதில் எத்தனை படி இருக்கும்? அவள் ஒரு அம்பும் விடவில்லை. பொறுக்கத்தான் ஓடினாள்.

காண்டவ வனக் கதையும் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிக்கிற ஊர்கள் இவை. யாகத்தில் ஓயாமல் நெய்யைக் குடித்து அக்கினிக்கு மந்தம் வந்துவிட்டது. அதற்கு மருந்து ஒரு காட்டை முழுக்கத் தின்பது. அக்கினி நட்சத்திரம் அந்த நாட்களின் நினைவு என்பார்கள். சின்ன வயசில் கிருஷ்ணன் துணை நிற்க அர்ச்சுனன் மழையையே அம்பால் தடுத்த வீரத்தைத்தான் பார்த்தேன். இப்போது ஜவ்வாது மலையில் கோடைத் தீ மாலை போலச் செவ்வரியாக ஓடுவதைப் பார்க்கும்போது அந்தக் காட்டிலிருந்து தப்பிக்க முடியாத உயிர்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அளவு மீறித் தின்றது ஒருவன். அவன் நோய்க்கு மருந்தானது இன்னொருவர் உடம்பு.

அப்படியானால் கர்ம வினை என்று ஒன்று இல்லையா என்று என் தம்பி கேட்கிறான். அவன் தீவிர பக்திமான். நானும் சாமி கும்பிடுகிறவள்தான், வினையை நம்புகிறவள்தான். எனக்கு வழி காட்டியவர் வள்ளலார். ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் அவர் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொள்கிறார். பசியில் வாடுகிறவன் முன்வினையால் வாடுகிறான், அவனுக்குச் சோறிடுவது ஆண்டவன் விதித்ததைத் தடுப்பதாகாதா என்ற கேள்வி. அரசன் சிறையில் போட்ட குற்றவாளிக்கும் தன் ஆட்களை வைத்துச் சோறு போடத்தானே செய்கிறான் என்பது அவர் காட்டும் நியாயம். 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி அவர் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. அக்கினியை நாம் என்ன செய்யலாம் என்பதற்கு எனக்கு அதைவிடப் பெரிய பதில் தெரியாது. வினை என்பது என் செயலை நான் பார்ப்பதற்குள்ள கண்ணாடி. அடுத்தவர் காயத்தை அளக்கிற கோலாக அதைத் தூக்கியவர்கள் அதைத் தவறாகப் பிடித்திருக்கிறார்கள். அந்தச் சூளைப் பெண்ணிடம் நான் அப்படித்தான் பிடித்தேன்.

ஆம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் பெரியவர், ரமலான் கோடையில் வந்தால் கூலியாட்களிடம் சொல்வார்: நோயாளிக்கும் பயணிக்கும் அல்லாஹ்வே விலக்குக் கொடுத்திருக்கிறான், அவனைவிடக் கண்டிப்பாக இருக்க நீ யார் என்று. உடம்பின் எல்லையை மதிப்பதும் வழிபாடு என்று எல்லா மார்க்கத்திலும் யாரோ ஒருவர் சொல்லித்தான் இருக்கிறார்.

செருப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வில் கீழே இறங்கும்வரை கால் வெந்துகொண்டிருக்க முடியாது. எங்கள் வீட்டுக் காரியத்தில் குடையும் செருப்பும் தானம் கொடுத்தபோது அதை வாங்கியவர் பைக்கில் வந்து பைக்கில் போனார். அந்த வழக்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. கால் சுடுகிறவரிடம் அது போய்ச் சேர வேண்டும் என்கிறேன். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் ஆயா வீட்டுத் திண்ணைக்கே வருகின்றன. அதைப் பெரிய காரியமாக நினைக்கிறேன். அதோடு இன்னொன்றும் வர வேண்டும். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடையில் அளவைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லவும், வாரம் ஒரு முறை உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கவும் ஓர் ஆள்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். வெயிலில் செத்தால் அது செத்தவர் விதி என்று இருந்த நாட்டில் இது சின்ன மாற்றம் இல்லை. ஆனால் வெப்ப அலை என்று சொல்ல ஒரு கணக்கு உண்டு. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூட வேண்டும், இல்லையென்றால் நேராக 45ஐத் தொட வேண்டும். வேலூரில் மே மாதம் 40 சகஜம். 41இல் ஒரு கிழவர் சுருண்டு விழுந்தால் அன்றைக்கு வெப்ப அலை இல்லை. அந்த அளவும் நிழலில் வைத்த கருவி சொல்வது. சிமெண்ட் சீட்டுக்குக் கீழே அவர் படுத்திருந்த இடத்தில் எத்தனை டிகிரி என்று யாரும் அளக்கவில்லை.

எங்கள் பெண்கள் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறையும். செத்துப்போன நாகநதியை மீட்க, நூறு நாள் வேலையில் அவர்கள் ஓடைகளுக்குள் இறங்கித் தடுப்பு கட்டினார்கள், மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறைகிணறுகளைத் தோண்டினார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரே வானொலியில் அந்த நதியின் பெயரைச் சொன்னார். அப்படி வேலை செய்தவர்களில் சிலருக்கு நான் மோரும் உப்புக் கரைசலும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பொட்டலம். பொட்டலம் இல்லையென்றால் ஆறு சிறுகரண்டி சர்க்கரை, அரைச் சிறுகரண்டி உப்பு. கூழில் உப்பும் மோரும் விட்டுக் கரைத்தாலும் வேலை நாளுக்கு நல்லது. வேலையை விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிக்கலாமே என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். ஒரு கோடையில் நடந்தது, அடுத்த கோடையில் பழைய நேரத்துக்கே போய்விட்டது. ஊரின் தாகத்தைத் தணிக்கத் தோண்டியவர்களே உச்சி வெயிலில் நின்றார்கள். அவர்களுக்கு நிழல் நேரம் கேட்பது சலுகை கேட்பதாகப் பார்க்கப்படுகிறது. நான் அதைக் கடன் என்பேன். அவர்களுக்கு ஊர் பட்ட கடன்.

வெயில் மட்டும்தான் என்றும் இல்லை. தண்ணீருக்கு ஏங்கிய பாலாறு 2021 நவம்பரில் கரை புரண்டது. அந்த மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து விழுந்து 9 பேர் போனார்கள், நாலு பேர் குழந்தைகள். ஆறு மாதம் சுட்ட வானம் மூன்று நாளில் மொத்தத்தையும் கொட்டுகிறது. அதற்குக் குடை எது, செருப்பு எது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அக்கா மகளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, நெயில் பாலிஷால் மூன்று கோடு போட்டேன். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி. முதல் வாரம் கோடு அப்படியே திரும்பி வந்தது. பிறகு அவள் லைனில் இருந்த பதினோரு பேரும் சேர்ந்து சூப்பர்வைசரிடம் போய், பாத்ரூம் போகிற நிமிஷத்தை டார்கெட்டில் கழிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோது ஒத்துக்கொண்டார்கள். இப்போது பதினோரு பாட்டிலிலும் கோடு இருக்கிறதாம்.

போன ஆடிக்கு முன்னால், வைகாசி வெயிலிலேயே, ஆயாவை எங்கள் பக்கத்து ஓர் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். வேண்டுதல் இருக்கிறது என்று பிடிவாதம் பிடித்தாள். உள்ளே பஞ்சு வைத்து அகலமான வார் போட்ட புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தேன். அதை வாசலில் விட வேண்டும். கழற்றி டோக்கன் வாங்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிரகாரத்தில் தேங்காய் நார் விரிப்பு போட்டு, ஒரு பையன் ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஈர விரிப்பின் மேலேயே நடத்திப் போனேன். "ஜில்லுனு கீதா ஆயா?" என்றேன். "காலுக்குத் தெரியல. கண்ணுக்குத் தெரியுது" என்றாள்.

சந்நிதிக்குப் பத்தடி முன்னால் விரிப்பு முடிந்துவிட்டது. அதற்கு மேல் வெறும் கருங்கல், வெயில் நேராக விழுகிற இடம். முன்னால் போனவர்கள் குதிகாலைத் தூக்கித் தூக்கி ஓடினார்கள். ஆயா விரிப்பின் ஓரத்தில் நின்றுவிட்டாள். பின்னால் வரிசை நெருக்கியது. நகரும்மா என்றார்கள். அவள் நகரவில்லை. குழாய் வைத்திருந்த பையனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"ஏம்பா, இதோட நிறுத்திட்ட? இதுக்கப்பாலயும் காலுதானே வைக்கறோம்?"

பையன் ஒரு நிமிஷம் விழித்தான். பிறகு குழாயை இழுத்துக்கொண்டு வந்து கல்லின் மேல் தண்ணீர் அடித்தான். கல்லிலிருந்து ஆவி எழும்பியது. அது அடங்கும்வரை ஆயா அசையாமல் நின்றாள். வரிசையும் நின்றது.